மன்னார்க் கரையில் ஒரு கோடை நாள்



சென்ற ஆனி மாதத்தில் ஒருநாள் எம் சங்க இளைஞர் சிலர் மன்னாருக்குப் பறவை பார்க்கச் சென்றோம். "மாரியில் அல்லவோ வரவேண்டும்? இந்தச் சோளகத்தில் என்ன பறவை?" என்று வழியில் ஒரு முதியவர் கேட்டார். அவர் சொல்லிலும் உண்மை இருந்தது. வடநாட்டுப் பறவைகள் பெரும்பாலும் சித்திரையோடு திரும்பிவிடுகின்றன. 2010ஆம் ஆண்டில் ராம்சார் நிலமாக ஏற்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்தில், வற்றிய சேற்றில் சில கொக்குகளையே கண்டோம். 1914 முதல் தனுஷ்கோடிக் கப்பல்கள் அடைந்த தலைமன்னார்ப் பழைய இறங்குதுறையில், இன்று ஆலாக்களே வந்திறங்குகின்றன.

ஆயினும், கோடை ஊர்ப்பறவைகள் சில குஞ்சு பொரிக்கும் காலம். நண்பகலில், எம்முள் ஒருவர் காலை வைக்கவிருந்த இடத்தில், மணல் நிறத்திலே இரண்டு முட்டைகள்! தாய்ப்பறவை சிறகு முறிந்ததுபோல் இழுத்து ஓடிற்று. அது அநுமான் உப்புக்கொத்தி. 1915இல் கிளையினமாகப் பெயர் பெற்று, 2023இல் தனியினமென நிறுவப்பட்டது. இராமர் அணையை நினைந்தே அநுமான் பெயர் சூட்டினர்.

படமெடுக்க நின்றோம். கூடவந்த மீனவ அண்ணர், "தம்பிமாரே, நீங்கள் நிற்குமட்டும் அது வராது. இந்த வெயிலில் முட்டை அவிந்துபோம்" என்றார். நாணிப் பின்வாங்கினோம். சற்று நேரத்தில் பறவை ஓடிவந்து, முட்டைகளுக்குத் தன் உடலையே நிழலாக்கிற்று.

தீங்கு செய்யக் கல்லெறிய வேண்டியதில்லை. ஆசையோடு அருகில் நின்றாலே போதும் என்பதை அன்று உணர்ந்தோம். ஜீவகாருண்யம் பேசும் நாம், விலகி நிற்கவும் பழகுவோமாக.