சட்டத்தரணி வேண்டுவது யாது?



திருகோணமலையில் ஓர்ஸ் ஹில் என வழங்கும் உவர்மலையின்மீது நின்று நோக்குவார்க்கு உட்துறைமுகத்தின் அமைதி கண்ணுக்கு விருந்தாகும். அம்மலை வீதியொன்றில், சில மாதங்களுக்கு முன், என்னிடம் பயின்ற மாணவி ஒருத்தியைக் கண்டேன். கடற்றொழிலாளி ஒருவரின் மகள். சட்டக் கல்லூரியிற் கற்றுத் தேறிச் சட்டத்தரணியானவள். "தொழில் எப்படியம்மா?" என வினவினேன். "தொழில் நல்லது, சேர். ஆனால் பஸ்ஸுக்கு இன்னும் அப்பாவிடந்தான் காசு வாங்குகிறேன்" என்றாள். அவ்விடையே இப்பேச்சுக்குக் காரணமாயிற்று.

நம் பாட்டன்மார் 'அப்புக்காத்து' என்றும் 'பிறக்கிராசி' என்றும் சட்டம் வல்லாரை இருவகையாய்க் கண்டனர். 1974ஆம் ஆண்டு முதல் அவ்வேறுபாடு நீங்கி, யாவரும் சட்டத்தரணி என்னும் ஒரே பெயர் பெற்றனர். பெயர் ஒன்றாயினும் வாழ்வு ஒன்றாகவில்லை. சிலர் சட்டமா அதிபர் திணைக்களத்திலும், 1978ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பெற்ற சட்ட உதவி ஆணைக்குழுவிலும், வங்கிகளிலும் மாதச் சம்பளம் பெறுகின்றனர். வேறு பலர் மூத்த சட்டத்தரணி ஒருவரின் கந்தோரிற் கனிஷ்டராய்ச் சேர்கின்றனர். அங்கே மூத்தவரே குரு, அவரே முதலாளி. குருவென்று எண்ணினாற் சம்பளங் கேட்க நா எழாது. முதலாளியென்று எண்ணினாற் பாடங் கேட்க நா எழாது. இவ்விரண்டுக்கும் இடையே இளையவரின் முதலாண்டுகள் கழிந்துவிடுகின்றன.

"நீ வேண்டுவது என்ன?" என்று கேட்டேன். அவள் மூன்று கூறினாள். சிறிதாயினும் மாதந்தோறும் தவறாது கிடைக்கும் ஊதியம் ஒன்று. கோவை சுமப்பதோடு நில்லாது, மனு எழுதவும் சாட்சியை விசாரிக்கவும் கற்பிக்கும் மூத்தவர் மற்றொன்று. மூன்றாவதாக, கட்சிக்காரரைப் பார்த்து, "இவ்வழக்கு வேண்டாம், சமாதானமாய்ப் போங்கள்" என்று அஞ்சாது சொல்லும் உரிமை. தவணைக்குத் தவணை வரும் காசையே நம்பியிருப்பவர்க்கு அவ்வுரிமை எளிதில் வாய்ப்பதன்று.

முதலாவது வேண்டுகோள் கடல் கடந்தும் கேட்கப்பட்டதே. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் சென்னை உயர் நீதிமன்றம் இதுபற்றிக் கட்டளை பிறப்பித்தது. சென்னை, மதுரை, கோயம்புத்தூர் நகரங்களில் இளம் வழக்கறிஞர்க்கு மாதம் 20,000 ரூபாவும், ஏனைய மாவட்டங்களில் 15,000 ரூபாவும் குறைந்த உதவித்தொகையாக வழங்கச் செய்யவேண்டும் என்பது அதன் கருத்து. ஒரு நீதிமன்றமே தன் முன்னிற்கும் இளைஞரின் வயிற்றைப்பற்றிப் பேச நேர்ந்ததென்றால், அக்குறை சிறிதன்று என்பது தெளிவு.

மூன்றாவது வேண்டுகோளுக்கு நல்ல சான்று காந்தியடிகளின் வாழ்வில் உண்டு. பம்பாயிற் போதிய வழக்கின்றி வருந்திய அவர், 1893ஆம் ஆண்டில் தாதா அப்துல்லா என்னும் வணிகரின் வழக்குக்காகத் தென்னாபிரிக்கா சென்றார். ஓராண்டுப் பணிக்கு 105 பவுண் ஊதியம். வழக்கு நீண்டாலும் சுருங்கினாலும் அவ்வூதியம் மாறாது. அவர் இருதரத்தாரையும் நடுவர் தீர்ப்புக்கு இணங்கச் செய்தார். தோற்றவர் செலுத்த வேண்டியது ஏறத்தாழ 37,000 பவுண்; அதனைத் தவணை முறையிற் செலுத்தவும் இணக்கம் பெற்றுக் கொடுத்தார். பிரிந்தாரைச் சேர்ப்பதே சட்டத்தொழிலின் பயன் என்பதை அவ்வழக்கிற் கற்றதாகப் பின்னர் எழுதினார்.

மறு ஆண்டில், முதலாளியால் அடியுண்டு பற்கள் உடைந்து, குருதி ஒழுக நின்ற பாலசுந்தரம் என்னும் தமிழ்க் கூலித் தொழிலாளி அவரை நாடி வந்தார். அத்தொழிலாளியின் துயரைக் காந்தியடிகளுக்கு எடுத்துரைத்தவர் அவருடைய தமிழ் எழுத்தரே. மொழியறிந்த ஒருவர் அக்கந்தோரில் இருந்தமையால் ஓர் ஏழையின் முறையீடு செவியேறிற்று. வேறு முதலாளியிடம் மாறிச் செல்லவும் வழி பிறந்தது.

இதனை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு வடக்கு, கிழக்கு மாகாணங்களின் முதனிலை நீதிமன்றங்களில் தமிழுக்கும் இடந்தந்தது. காணி உறுதியைத் தொலைத்த விதவையும், வலையை இழந்த மீனவரும் தம் மொழியில் தம் குறையைச் சொல்லலாம். ஆனால் அதனைக் கேட்டு வாதாட, அவர்தம் துயர் அறிந்த சட்டத்தரணிகள் வேண்டுமன்றோ? முதலாண்டுகளில் ஊதியமில்லையெனில், செல்வர் வீட்டுப் பிள்ளைகளே அத்தொழிலில் நிலைப்பர். மீனவர் மகள் வேறு வேலை தேடிப் போய்விடுவாள்.

ஆதலின் மூத்த சட்டத்தரணிகளிடம் ஒரு வேண்டுகோள். இளையவர்க்கு நீங்கள் அளிக்கும் ஊதியம் தானமன்று. நாளைய நேர்மைக்கு இடும் அத்திவாரம். கட்சிக்காரராகிய நாமும் ஒன்று செய்யலாம். சமாதானம் பேசி வழக்கை முடித்துத் தருபவரின் கூலியைக் குறைக்காது கொடுத்தல் அதுவாகும். வழக்கை வளர்ப்பவர்க்கு வாரிக் கொடுத்து, முடிப்பவர்க்குக் கிள்ளிக் கொடுத்தால், எவர்தாம் முடிக்க முன்வருவர்?

என் மாணவி இன்னும் காலை பஸ்ஸிலேயே நீதிமன்றம் செல்கிறாள். அவள் அத்தொழிலில் நிலைப்பாளா என்பது அவள் ஒருத்தியின் காரியமன்று. நம் அனைவரின் காரியமுமாகும்.