குரங்கு மனிதனும் கூட்டத்தின் பயமும்

(நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பேய், பிசாசு பற்றி விஞ்ஞானம் என்ன சொல்கிறது என்று பேசும்படி செயலாளர் பணித்தார். பௌதிகம் படித்தவனாயிற்றே, "எல்லாம் பொய்" என்று ஒரே வரியில் முடித்து விடுவேன் என நினைத்திருக்கலாம். ஆனால் பேய் பொய்யானாலும் பயந்தவரின் பயம் பொய்யல்ல.

2001 மே மாதம், கிழக்கு தில்லியையும் காஸியாபாத்தையும் ஒரு "குரங்கு மனிதன்" ஆட்டிவைத்தான். கடும் கோடை, இரவில் மின்வெட்டு. மொட்டை மாடியில் படுத்திருந்தவர்கள், ஏதோ ஒரு உருவம் பாய்ந்து கீறியது என்று அலறினார்கள். நாலடி உயரம் என்றார் ஒருவர். தலையில் ஹெல்மெட், கையில் இரும்பு நகம் என்றார் இன்னொருவர். மார்பில் பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் மறைந்து விடுவான் என்றும் சொன்னார்கள். (அப்படியொரு பொத்தான் எங்கள் இலாகாவில் இருந்திருந்தால் மாலை நாலு மணிக்கே நாற்காலிகள் காலி!)

போலீசார் படம் வரைந்து வெளியிட்டார்கள். 50,000 ரூபாய் சன்மானமும் அறிவித்தார்கள். என் அபிப்பிராயத்தில் அது எரிகிற நெருப்பில் நெய் வார்த்த கதைதான். சர்க்காரே தேடுகிறதென்றால் ஆசாமி இருக்கத்தானே வேண்டும்?

யாரும் பிடிபடவில்லை. டாக்டர்கள் பார்த்த காயங்கள் பெரும்பாலும் சாதாரணக் கீறல், சிராய்ப்பு. எலி பிறாண்டியிருக்கலாம், தூக்கத்தில் தம் நகமே பட்டிருக்கலாம். மற்ற நாளில் கவனிக்காமல் விட்டிருப்போம். அந்த மாதம் அதற்கு ஒரு பெயர் தயாராக இருந்தது. ஆனால் பீதியில் மாடியிலிருந்து குதித்தும், படியில் உருண்டும் போன உயிர்கள் நிஜம். குள்ளமான ஒரு சாதுவைக் குரங்கு மனிதன் என்று கூட்டம் அடித்ததும் நிஜம். சில வாரங்களில் வதந்தி தானே அடங்கியது.

1962-இல் ஆப்பிரிக்காவில், அன்றைய தங்கனீகாவின் கஷாஷா கிராமத்துப் பெண்கள் பள்ளியில் வேறு மாதிரி நடந்தது. மூன்று மாணவிகள் அடக்க முடியாமல் சிரிக்கவும் அழவும் தொடங்கினர். 159 பேரில் 95 பேருக்குப் பரவி, பள்ளியையே மூட நேர்ந்தது. விஷமோ கிருமியோ அகப்படவில்லை. அந்தப் பெண்கள் நடிக்கவும் இல்லை. வாய்விட்டுச் சொல்ல முடியாத மன இறுக்கத்தை உடம்பு சொல்லிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவளையும் அது தொற்றிக்கொள்கிறது.

இப்படி நேர்ந்தால் முதலில் உணவையும் தண்ணீரையும் பரிசோதிக்க வேண்டும். ஹிஸ்டீரியா என்று அவசரப்பட்டு முத்திரை குத்தக் கூடாது. பிறகு பாதிக்கப்பட்டவர்களைக் கூட்டத்திலிருந்து பிரித்து அமைதியான இடத்தில் வைக்க வேண்டும். டி.வி. காமிரா அருகில் வரவே கூடாது. பயந்த குழந்தைக்குப் பாட்டி விபூதி இட்டு மடியில் கிடத்திக் கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, குழந்தை தூங்கிவிடும். "யார் வைத்த சூனியம்?" என்று அடுத்தாற்போல் விசாரிப்பார்களே, அங்கேதான் ஆபத்து.

2017-இல் வட மாநிலங்களில் பெண்களின் பின்னலை யாரோ அறுக்கிறார்கள் என்று வதந்தி கிளம்பியது. ஆகஸ்டு மாதம் ஆக்ரா அருகே ஒரு கிராமத்தில், விடியுமுன் வெளியே வந்த ஒரு மூதாட்டியைச் சூனியக்காரி என்று அடித்தே கொன்றுவிட்டார்கள். அவளுக்கு 60 வயதுக்கு மேல்.