பகலில் ஒன்று, இரவில் ஒன்று



நம் நாட்டில் நெல் பல மாநிலங்களில் விளைகிறது. எலுமிச்சை வீட்டுக் கொல்லையிலும் நிற்கிறது. இந்த இரண்டையும் தேடி வரும் இரண்டு பூச்சிகளைப் பற்றி இன்று பேசுவோம்.

எலுமிச்சைக்கு வருவது வண்ணத்துப்பூச்சி. கறுப்பு இறக்கையில் வெளிர் மஞ்சள் புள்ளிகள் இருக்கும். பின் இறக்கையில் செங்கல் நிறப் பொட்டு இருக்கும். இறக்கையை விரித்தால் 8 முதல் 10 சென்டிமீட்டர். வெயிலில் பறந்து பூவில் தேன் குடிக்கும். பிள்ளைகள் அதன் பின்னாலேயே ஓடுவார்கள்.

நெல்லுக்கு வருவது அந்துப்பூச்சி. தண்டுத் துளைப்பான் புழுவுக்கு இதுதான் தாய். நிறம் மஞ்சள். பெண் பூச்சியின் முன் இறக்கை ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்புப் புள்ளி உண்டு. பகலில் பயிருக்குள் ஒளிந்திருக்கும். இருட்டியதும் விளக்குக்கு வரும். விளக்குப் பூச்சிதானே என்று நாமும் பெருக்கித் தள்ளிவிடுகிறோம்.

தலையில் உள்ள மீசையைப் பாருங்கள். வண்ணத்துப்பூச்சியின் மீசை நுனி தீக்குச்சித் தலை போலத் தடித்திருக்கும். இந்த அந்துப்பூச்சியின் மீசை வெறும் நூல்தான்.

பயிரைத் தின்பது பறக்கும் பூச்சி அல்ல. அதன் புழுதான்.

வண்ணத்துப்பூச்சி கொழுந்து இலையில் ஒவ்வொரு முட்டையாக இடும். இளம் புழு காக்கை எச்சம் போலவே இருக்கும். எச்சம் என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். வளர்ந்தால் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னால் கொம்பு போல ஒன்றை நீட்டும். நெடி வீசும். பயப்பட வேண்டாம், கடிக்காது. பெரிய மரம் தாங்கிக்கொள்ளும். சிறு கன்றை மொட்டையாக்கிவிடும். கையாலேயே பொறுக்கி எடுக்கலாம்.

நெல் புழுவைப் பொறுக்க முடியாது. அது தண்டுக்குள் போய்விடும். இளம் பயிரில் நடுக்குருத்து காய்ந்துவிடும். இழுத்தால் கையோடு வரும். கதிர் வரும் நேரத்தில் தாக்கினால் கதிர் வெளுத்து நிற்கும். அதில் மணி இருக்காது. பாடுபட்டவர் கையில் பதர்தான் மிஞ்சும். அப்போது கடன் வாங்கி மருந்து அடித்தாலும் வெளுத்த கதிரில் பால் பிடிக்காது.

ஆகவே முட்டையிலேயே பிடிக்க வேண்டும். இந்தப் பூச்சி இலை நுனிப் பக்கம் முட்டைகளைக் கும்பலாக இடும். மேலே பழுப்பு மயிரால் மூடிவிடும். நாற்றுப் பறித்ததும் நுனியைக் கிள்ளிவிட்டு நடுங்கள். கிள்ளிய நுனிகளை வரப்பில் போடாதீர்கள். புழு பொரித்து வயலுக்குத்தான் வரும். ஒரு கூடையில் சேர்த்து எரித்துவிடுங்கள்.