சுருக்கப் பிரதியா, தனிச் சாட்சியா?

குளோன் என்றதும் பலருக்கும் டாலி என்ற ஆடுதான் நினைவுக்கு வரும். ஆய்வுக்கூடத்தில் அந்தச் சொல் பெரும்பாலும் குறிப்பது, பாக்டீரியாவுக்குள் செலுத்திப் பெருக்கிய ஒரு டி.என்.ஏ. துண்டை. குரோமோசோமிலிருந்து நேரே வெட்டியெடுத்தது ஜீனோமிக் குளோன். மரபணுவின் செய்தியாகச் செல்லில் உருவான எம்.ஆர்.என்.ஏ.வைப் பார்த்து, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியால் மறுபடி டி.என்.ஏ.வாக எழுதியது சி-டி.என்.ஏ. குளோன். பின்னதை முன்னதன் சுருக்கம் என்பார்கள். அது பாதிதான் சரி.

ரத்தம் உறைய உதவும் எட்டாம் காரணியையே பாருங்கள். ஹீமோஃபீலியா ஏ நோயாளிகளிடம் குறைந்திருப்பது இதுதான். இதன் மரபணு ஏறக்குறைய 1,86,000 எழுத்து நீளம், எம்.ஆர்.என்.ஏ.வோ சுமார் 9,000. இடையிலுள்ள இன்ட்ரான் என்ற பகுதிகளைச் செல் வெட்டி நீக்கிவிடுகிறது. மருந்துக்காக வளர்ப்புச் செல்களில் இந்தப் புரதத்தை உண்டாக்க, கைக்கு அடங்கும் அளவில் இருப்பது சி-டி.என்.ஏ.தான். அப்படியானால் நீளமானது எதற்கு என்று கேட்கலாம். எம்.ஆர்.என்.ஏ. அந்த மரபணு இயங்கும் செல்லில் மட்டுமே கிடைக்கும். மரபணுவோ உட்கரு உள்ள எந்தச் செல்லிலும் உண்டு. அதனால்தான் ஜெனன்டெக் நிறுவன ஆய்வாளர்கள் முதலில் ஜீனோமிக் குளோனைப் பிடித்து, அதைத் துணையாகக் கொண்டு எம்.ஆர்.என்.ஏ. இருக்கும் செல்லைத் தேடினார்கள். 1984இல் வெளியான இந்த வேலையில், சுருக்கத்தைக் கண்டுபிடிக்கவே மூலம் தேவைப்பட்டது.

நோயின் காரணம் தேடும்போது வேறுபாடு இன்னும் கூர்மையாகிறது. இந்தியாவில் பீட்டா தலசீமியாவுக்கு மிக அதிகமாகக் காரணமாகும் மாற்றம், பீட்டா குளோபின் மரபணுவின் முதல் இன்ட்ரானில் ஐந்தாம் எழுத்தில் நிகழ்கிறது. ஜி இருக்கவேண்டிய இடத்தில் சி. அந்த ஓரெழுத்தால் வெட்டும் இடம் தடுமாறுகிறது. சரியாக வெட்டப்பட்ட செய்தியின் பிரதியில் அந்த எழுத்தே இராது. சி-டி.என்.ஏ. பொய் சொல்லவில்லை, அதனிடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டோம், அவ்வளவுதான்.

மரபணுவை இயந்திரமே எழுத்தெழுத்தாகக் கோத்துத் தரும் காலத்தில் இதெல்லாம் பழங்கதை என்று ஒரு மறுப்பு உண்டு. நியாயமான மறுப்புதான். ஆனால் எந்த வரிசையைக் கோப்பது என்று இயந்திரத்துக்கு நாம்தான் சொல்லவேண்டும். ஹீமோஃபீலியா ஏ நோய்க்கான மரபணு சிகிச்சையில் பயன்படும் ஏ.ஏ.வி. வைரஸுக்குள் சுமார் 4,700 எழுத்துகளே கொள்ளும். முழு மரபணுவுக்கு அங்கே இடமே இல்லை, சி-டி.என்.ஏ.வும் பிதுங்குகிறது. அதனால் ரத்தம் உறைவதற்குத் தேவைப்படாத ‘பி’ பகுதியை அதிலிருந்து பெரும்பாலும் நீக்கிவிட்டுத்தான் ஏற்றுகிறார்கள்.