நோயாளியின் விரலே அளவுகோல்



அக்குபங்சர் கற்க வரும் வைத்தியர்களாகிய நாம் முதலில் செய்வது பாடமாக்குவதுதான். உடலின் இரு பக்கமும் ஓடும் 12 பாதைகள், நடுக்கோட்டில் முன்னும் பின்னுமாக மேலும் இரண்டு. அவற்றில் 361 புள்ளிகள். அவற்றின் இடங்களை வரையறுத்து உலக சுகாதார ஸ்தாபனம் 2008இல் நூலொன்று வெளியிட்டது.

பரீட்சைக்கு இது போதும், நோயாளிக்குப் போதாது. இங்கே அளவு சென்ரிமீற்றரில் இல்லை. 'சுன்' என்பது நோயாளியின் பெருவிரல் அகலம். அவரது நான்கு விரல்களும் சேர்ந்தால் மூன்று சுன். குமட்டலுக்குப் பயன்படும் 'நெய்குவான்' புள்ளி, முன்கையின் உட்புறத்தில், மணிக்கட்டு மடிப்பிலிருந்து இரண்டு சுன் மேலே, இரு தசைநாண்களுக்கு நடுவே உள்ளது. பத்து வயதுப் பிள்ளைக்கும் அவளது தகப்பனாருக்கும் அத்தூரம் ஒன்றல்ல. ஆகவே படத்தில் பார்த்ததை ஒவ்வொரு கையிலும் தடவியே கண்டுபிடிக்கிறோம்.

இடம் தெரிந்தாலும் ஆழம் தெரிய வேண்டும். கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவேயுள்ள 'ஜியென்ஜிங்' புள்ளியின் கீழே நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஊசி ஆழமாக இறங்கினால் நெஞ்சறைக்குள் காற்றுக் கசிந்து நுரையீரல் சுருங்கக்கூடும். மெலிந்தவர்களில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

படத்துக்குப் பெயர் குறிக்குமுன் பொருளை உற்றுப் பார்க்க எமது பாடசாலை ஆய்வுகூடத்திலேயே பழகினோம். மருத்துவம் படிக்கப்போகும் தங்கைமாரே, புள்ளியின் பெயரோடு அதன் கீழே இருப்பதையும் கற்றுக்கொள்ளுங்கள்.

நூற்றாண்டு காணும் எம் கல்லூரி அன்னை வாழ்க!