சோதனை நிலையமும் தொழிலாளியின் பிழைப்பும்

(கருத்தரங்கு ஒன்றில் ஆற்றிய உரை)



பணியில் உள்ளவர் மது அருந்தியிருக்கிறாரா, போதை மருந்து உட்கொண்டிருக்கிறாரா என்று சோதிப்பது பொறுப்பு மிகுந்த செயலாகும். சோதனை நடவாது போனால் பொதுமக்களின் உயிருக்கு ஆபத்து. தவறாக நடந்தால் குற்றமற்ற ஒருவரின் பிழைப்புக்கு ஆபத்து. எனவே அதனை எங்கே நடத்துவது என்பதும் முக்கியமான கேள்வியே. அமெரிக்க நாட்டின் அனுபவத்தைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

1987 ஜனவரி 4 அன்று மேரிலாந்து மாநிலத்தில் நிகழ்ந்த ரயில் விபத்தில் 16 பேர் மாண்டனர். ரயில் எஞ்சினை ஓட்டியவர் கஞ்சா பயன்படுத்தியிருந்தது தெரியவந்தது. 1991 ஆகஸ்டில் நியூயார்க் சுரங்க ரயில் விபத்தில் 5 பேர் இறந்தனர், ஓட்டியவர் குடித்திருந்தார். அவ்வாண்டு அக்டோபரில் போக்குவரத்துப் பணியாளர் சோதனைச் சட்டம் பிறந்தது.

அங்கே நிறுவனங்கள் பெரும்பாலும் இடைநிலை அமைப்புகள் வாயிலாகவே சோதனைகளை நடத்துகின்றன. அவ்வமைப்புகளுடன் உடன்பாடு செய்துகொண்ட நிலையங்களில் கட்டணம், படிவம், முடிவை அனுப்பும் முறை ஆகியவை முன்னரே வரையறுக்கப்பட்டிருக்கும். உடன்பாட்டில் சேராத நிலையத்தில் இவை ஒவ்வொன்றையும் அப்போதைக்கப்போது ஏற்பாடு செய்தாக வேண்டும்.

பகல் நேரத்தில், நகரத்தில், இவ்வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. ஆனால், நள்ளிரவில் தொலைதூரச் சிற்றூரில் சரக்கு லாரி விபத்துக்குள்ளாகி உயிர்ச்சேதம் நேர்ந்தால் நிலைமை என்ன? மதுச் சோதனை 2 மணி நேரத்திற்குள் நடைபெறாவிடில் காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும். 8 மணி நேரம் கடந்தால் முயற்சியைக் கைவிட வேண்டும். போதை மருந்துச் சோதனைக்கு வரம்பு 32 மணி நேரம். உடன்பாட்டு நிலையம் எத்தனை தொலைவில் இருந்தாலும் கடிகாரம் காத்திருப்பதில்லை. ஆகவேதான், விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவற்றை, வண்டியை எடுக்கும் முன்பே நிறுவனம் ஓட்டுநருக்கு அறிவித்திருக்க வேண்டும் என்று விதி கூறுகிறது.

நிலையம் எதுவாயினும் நெறிமுறை ஒன்றே. சிறுநீர் மாதிரியின் வெப்பநிலையை 4 நிமிடங்களுக்குள் பார்க்க வேண்டும். மாதிரியை இரு குப்பிகளாகப் பிரித்து முத்திரையிட வேண்டும். குப்பியின் எண்ணும் படிவத்தின் எண்ணும் பொருந்தாவிடில் சோதனையே ரத்தாகும். அரசுச் சான்று பெற்ற ஆய்வுக்கூடமே அதனை ஆராயலாம்.

போதை மருந்து இருப்பதாக முடிவு வந்தால், அறிவிக்கப்பட்ட 72 மணி நேரத்திற்குள் இரண்டாம் குப்பியை வேறோர் ஆய்வுக்கூடத்தில் சோதிக்குமாறு தொழிலாளி கோரலாம். முன்பணம் கட்டினால்தான் அனுப்புவோம் என்று நிறுவனம் சொல்லக்கூடாது. செலவைப் பற்றிய வழக்கைப் பின்னர் தீர்த்துக்கொள்ளலாம். இவ்விதியில் அடங்கிய நீதி நம் சிந்தனைக்குரியது. யார் பணம் தருவது என்பது கணக்கு. உண்மை என்ன என்பது உரிமை. முன்னதற்காகப் பின்னது தடைப்படலாகாது.

நம் நாட்டிலும் ரயில் ஓட்டுநர்கள் பணியேற்கும்போது மூச்சுச் சோதனைக்கு உட்படுகின்றனர். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் மது என வரம்பு விதித்துள்ளது. வரம்பை விதிப்பது எளிது. பயிற்சி பெற்ற கையும் முறையான படிவமும் நெடுஞ்சாலையின் கடைக்கோடி வரை சென்றடையச் செய்வதே அரிது.

நாளை இப்பொறுப்பை ஏற்கவிருக்கும் மாணவர்களும், இன்று ஏற்றிருக்கும் அதிகாரிகளும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் ஒன்றைக் கேளுங்கள்: உடன்பாட்டு நிலையம் இல்லாத ஊரில், இரவு 2 மணிக்கு, நம் தொழிலாளி எங்கே செல்வார்? அதற்கு விடை எழுதப்பட்டிருந்தால்தான் அந்த ஏற்பாடு முழுமை பெறும்.