இணையமின்றி ஒரு வலை

மாரியிலே நிறைந்த குளம் கோடையிலே வயலுக்கு நீர் தருகின்றது. மழை பெய்யும் நாளில் மட்டுமே பயிருக்கு நீருண்டு என்று வன்னி உழவன் வாளாவிருப்பதில்லை. அறிவையும் இவ்வாறு தேக்கி வைத்துப் பங்கிடல் கூடும்.

கொரோனா நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இலங்கையின் ஒதுக்குப்புறக் கிராமங்களிலே சிறுவர் பலர் கைத்தொலைபேசிச் சமிக்ஞையை நாடிக் குன்றுகளில் ஏறினர், மரங்களிலும் ஏறினர். இணையம் இல்லையேல் கணினியாற் பயனில்லை என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் முற்றிலும் சரியன்று. இணையம் வேறு, வலையமைப்பு வேறு. இரு கருவிகள் தம்முள் செய்தி பரிமாறினால் அதுவே வலையமைப்பாகும். உலகெங்குமுள்ள வலையமைப்புகள் ஒன்றோடொன்று பிணைந்ததே இணையம்.

வரலாறு இதற்குச் சான்று. ஹவாய்ப் பல்கலைக்கழகத்திலே நோர்மன் ஏப்ரம்சனும் அவர்தம் துணைவரும் 1971ஆம் ஆண்டில் 'அலோஹா' என்னும் வலையமைப்பை இயக்கினர். கடலாற் பிரிந்த தீவுகளில் இருந்தோர் வானொலி அலைகளின் வழியே பல்கலைக்கழகக் கணினியைப் பயன்படுத்தினர். இன்றைய இணையம் உருவாகுமுன்னரே நிகழ்ந்தது இது.

இன்று அத்தகைய வலையை ஒரு மடிக்கணினியே விரிக்கவல்லது. விண்டோஸ் முறைமையில் உள்ள பகிர்வு வசதி பெரும்பாலும் பகிர்வதற்கு ஓர் இணையத் தொடர்பை எதிர்பார்க்கும். லினக்ஸ் முறைமையிலோ, கணினியின் வைஃபை உறுப்பு இடங்கொடுப்பின், இணையமின்றியே 'ஹொட்ஸ்பொட்' அமைக்கலாம். வலைக்கு ஒரு பெயரும், எட்டு எழுத்துக்குக் குறையாத கடவுச்சொல்லும் இட்டால் போதும். வந்து சேரும் ஒவ்வொரு கைத்தொலைபேசிக்கும் மடிக்கணினியே ஓர் இலக்க முகவரி வழங்கும். அதன் சொந்த முகவரி வழக்கமாக 10.42.0.1 என்பதாகும்.

வலை விரிந்தாற் போதாது. அதிலே வழங்கப் பொருள் வேண்டும். இணையம் கிடைக்கும் நகரொன்றிலே விக்கிபீடியாவையும் பாடநூல்களையும் முன்னரே இறக்கி வைத்தல் வேண்டும். 'கிவிக்ஸ்' என்னும் இலவச மென்பொருள் அவற்றை வகுப்பறையிலே பரிமாறும். மாணாக்கர் தம் கைத்தொலைபேசியின் உலாவியில் அம்முகவரியை இட்டதும் நூலகம் திறக்கும். தரவுக் கட்டணம் ஒரு சதமேனும் இல்லை.

இடர்களும் சில உள. 'இணையம் இல்லை' என்று கைத்தொலைபேசி எச்சரித்து, வலையை விட்டு நீங்க முற்படும். அப்போது அதன் செல்லிடத் தரவை நிறுத்தி வைத்தல் நன்று. வகுப்பு முழுவதும் ஒரே வேளையிற் காணொளி பார்த்தால் வேகம் தளரும். சுவர்கள் அலையைத் தடுக்கும். வலை அயலறையைத் தாண்டுவதே அரிது.

ஆகவே, பாடசாலை மூடப்பட்ட நாளில் இவ்வலை மாணவனின் வீட்டை எட்டாது. ஆனால், பாடசாலை திறந்திருக்கும் நாளிலே அவன் தன் பாடங்களைப் படியெடுத்துக் கொண்டு செல்லலாம். அவ்வாறு கொண்டு சென்றவன் பின்னர் அவற்றைப் படிப்பதற்காகக் குன்றேற வேண்டியதில்லை. குளத்தை மாரியிலேயே நிரப்பி வைப்பது ஆசிரியரின் கடமை. கோடை வந்தபின் வெட்டத் தொடங்கும் குளத்தால் எப்பயிரும் பிழைப்பதில்லை.